சபை கண்ட சம்பந்தனார்

ஓர் ஊரில் பத்துப் பேர் கூடி இலக்கியத்திற்கென ஓர் அமைப்பைத் தொடங்குதல் எளிது. அதனைப் பத்தாண்டுகள் விடாது நடத்துதல் அரிது. தொடங்கிய நாளின் உற்சாகம் சில திங்களில் தணிந்துவிடும். மழை பெய்தால் கூட்டம் குறையும். அறுவடைக் காலம் வந்தால் கூட்டமே நடவாது. இவற்றையெல்லாம் கடந்து நம் வட்டம் பத்தாம் ஆண்டு மலர் வெளியிடும் இவ்வேளையில், சபை அமைத்தலையே தம் வாழ்வின் பெரும்பணியாகக் கொண்ட ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமாகும் என எண்ணினேன். அவர் பம்மல் சம்பந்த முதலியார்.

தமிழ் நாடகத் தந்தை என்று நூல்கள் அவரைக் குறிக்கின்றன. பாடப் புத்தகத்தில் அப்பெயரைப் படித்து மதிப்பெண் பெற்றுப் பின் மறந்தவர் நம்மில் பலர். ஆயினும் அவர் பெயரை அறியாத பாமரரும் அவர் படைத்த ஒருவனை அறிவர். அவன் சபாபதி, முதலாளியின் பெயரையே தானும் தாங்கிய அசட்டு வேலைக்காரன். 1941-இல் வெளிவந்த சபாபதி என்னும் திரைப்படத்தைக் கண்டு சிரித்த தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் அப்படம் இன்றும் சிரிக்க வைக்கிறது. உலகம் போர்த்தீயில் வெந்துகொண்டிருந்தபோது வந்த அம்மென்மையான நகைச்சுவையின் வேர் எங்கிருந்தது என்பதை அறிய, அதனை எழுதியவரின் வாழ்க்கைக்குள் செல்ல வேண்டும்.

பிறப்பும் இளமையும்

சம்பந்தனார் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார். கல்வித் துறையில் பணிபுரிந்தவர், தமிழ் நூல்களை அச்சேற்றுவதிலும் ஈடுபாடு கொண்டவர். தாயார் மாணிக்கவேலு அம்மாள். குடும்பத்தின் பூர்வீக ஊர் பல்லாவரத்தை அடுத்த பம்மல். அது நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்; பின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மீண்டும் செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே அவரை நம் மண்ணுக்கும் உரியவர் எனச் சொல்லிக்கொள்ள நமக்குச் சிறிது உரிமையுண்டு.

வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற காலத்தில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆங்கில நாடகக் குழுக்கள் சென்னைக்கு வந்து நடித்தவற்றை விரும்பிப் பார்த்தார். ஆனால் தமிழ் நாடகத்தின்பால் அவருக்கு இளமையில் மதிப்பு இருக்கவில்லை. விடிய விடிய நடக்கும் கூத்தும், மதுவருந்தி மேடையேறும் நடிகரும், கண்டபடி நுழைந்து போகும் பபூனும் அவருக்கு வெறுப்பையே தந்தனர். பிற்காலத்தில் இதனைத் தாமே ஒளிவின்றி எழுதியிருக்கிறார்.

தெருக்கூத்து வளர்த்த வட்டாரத்தைச் சேர்ந்த நமக்கு இச்செய்தி சற்று உறுத்தலாகவே இருக்கும். பாரதக் கூத்தின் இரவுகளில் துரௌபதியம்மன் கோயில் திடலில் கண்விழித்து வளர்ந்தவர் நாம். கட்டியங்காரனின் கேலியில் அரசனும் அமைச்சனும் படும் பாட்டைக் கண்டவர் எவரும் கூத்தினை இழிவாக எண்ணார். நகரத்தில் வளர்ந்த இளைஞருக்கு அக்கலையின் சிறந்த வடிவம் கண்ணில் படவில்லை என்றே கொள்ள வேண்டும். அவர் காலத்துக் கற்றவர் பலர்க்கும் இக்குறை இருந்தது. பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுங்கால் இத்தகைய இடங்களை மறைத்துச் செல்லுதல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சபை தோன்றிய கதை

1891-இல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அச்சபையை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார் ஒரு வழக்கறிஞர். உடன் நடித்தவர்களும் கற்றவர்கள், மதிப்புள்ள பணிகளில் இருந்தவர்கள். வயிற்றுப்பாட்டுக்காக அன்றிக் கலையின்பத்துக்காக அவர்கள் நடித்தனர். அந்நாடகங்களைக் கண்ட பதினெட்டு வயது இளைஞரின் மனம் அடியோடு மாறியது. தெலுங்கருக்கு இயன்றது தமிழருக்கு ஏன் இயலாது என்னும் கேள்வி எழுந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், நண்பர் சிலருடன் கூடி அவர் தொடங்கியதே சுகுண விலாச சபை.

தொடக்கத்தில் அவர்களிடம் மேடை இல்லை, திரை இல்லை, உடை இல்லை, பணமும் இல்லை. நடிப்பதற்கு நல்ல நாடக நூலும் இல்லை. இவற்றுள் கடைசிக் குறையைச் சம்பந்தனார் தாமே தீர்க்க முற்பட்டார். புஷ்பவல்லி என்னும் அவரது முதல் நாடகம் 1893-இல் அரங்கேறியது. பின்னர் லீலாவதி சுலோசனாவும் மனோகராவும் வந்தன. தம்முடன் நடிக்கும் நண்பர் ஒவ்வொருவரின் குரலும் தோற்றமும் இயல்பும் அறிந்து, அவர்க்கென்றே பாத்திரங்களை வடித்தார். கைக்கு அடக்கமான சட்டையைத் தைக்கும் தையற்காரரைப் போல அளவெடுத்து எழுதியதால், புதிதாக மேடையேறியவரும் தடுமாறவில்லை.

அக்காலத்தில் நடிகன் என்றால் கூத்தாடி என்று இகழும் வழக்கம் இருந்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளை முகத்தில் அரிதாரம் பூசுவதை வீட்டார் பொறுக்கமாட்டார்கள். வழக்கறிஞரும் அரசு ஊழியரும் வணிகரும் மேடையில் தோன்றுவது பெரும் துணிவைக் கேட்ட செயல். சுகுண விலாச சபை அத்தடையை உடைத்தது. சர் சி. பி. ராமசாமி ஐயர், சத்தியமூர்த்தி, வி. வி. சீனிவாச ஐயங்கார், ஆர். கே. சண்முகம் செட்டியார் முதலிய பெருமக்கள் அச்சபையோடு தொடர்பு கொண்டிருந்தனர் என்பதைக் கேட்டால், அதன் மதிப்பு எந்த அளவுக்கு உயர்ந்தது என்பது விளங்கும். சென்னை விக்டோரியா பொது மன்றத்தில் அதன் நாடகங்கள் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிந்தன. விடியும்வரை நீண்டிருந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியதும், பாட்டுக்கு அடிமைப்பட்டிருந்த மேடையில் உரைநடைக்கு முதலிடம் தந்ததும் அவர் செய்த பெரு மாற்றங்கள்.

சபை தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. இலங்கைக்குச் சென்றும் நடித்தது. அங்கே அதன் நடிப்பால் ஈர்க்கப்பட்ட யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தனாரைத் தம் குருவாகக் கொண்டு ஈழத்தில் நாடகம் வளர்த்தார்.

நட்பும் நடிப்பும்

சபையின் வரலாற்றில் ரங்கவடிவேலு என்னும் நண்பருக்குத் தனியிடம் உண்டு. பெண்கள் மேடையேறாத அச்சபையில் சம்பந்தனார் நாயகனாக நடித்தபோதெல்லாம் நாயகியாக நடித்தவர் அவர். மனோகரனுக்கு விஜயாளாகவும், அமலாதித்தனுக்கு அபலையாகவும் இருவரும் இணைந்து நடித்தனர். அந்நண்பர் மறைந்தபோது சம்பந்தனார் அடைந்த துயரம் பெரிது. நாடக மேடை நினைவுகள் என்னும் தம் நூலில் அவரைக் குறிப்பிடும் இடங்களிலெல்லாம் எழுத்து தழுதழுக்கிறது. சபை என்பது விதிகளாலும் சந்தாவாலும் மட்டும் நிற்பதன்று. இத்தகைய நட்பினாலேயே நிற்கிறது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டா.

இவ்வளவும் அவர் ஓய்வு நேரத்தில் செய்த பணி என்பதை நாம் மறத்தலாகாது. தொழிலால் அவர் வழக்கறிஞர். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். அரசாங்கம் ராவ் பகதூர் பட்டம் அளித்தது. பகலில் வழக்கும் மாலையில் ஒத்திகையும் இரவில் எழுத்துமாக அவர் நாள்கள் கழிந்தன. தொண்ணூறு அளவில் நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அமலாதித்தன் ஆயிற்று. மாக்பெத் மகபதி ஆயிற்று. வெனிஸ் நகர வணிகன் வாணீபுர வணிகன் ஆனான். மொழிபெயர்த்தார் என்பதைக் காட்டிலும், அக்கதைமாந்தரைத் தமிழ்நாட்டில் குடியேற்றினார் என்பதே சரி.

வழக்கறிஞரின் பழக்கம் ஒன்றும் நாடகத்துக்குப் பயன்பட்டது. தம் நாடகத்தை நடிக்க விரும்புவோர் முன்னதாக இசைவு பெற்று உரிய தொகையும் செலுத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தொழில்முறை நாடகக் குழுக்கள் சிலவற்றுக்கு இது கடுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் எழுதியவன் பட்டினி கிடக்க, நடத்துபவன் வசூல் எண்ணிய காலத்தில் எழுத்துக்கு விலையுண்டு என நிலைநாட்டியவர் அவர்.

சபாபதி பிறந்த விதம்

சோகத்திலும் வீரத்திலும் பெயர்பெற்ற அந்நாடகாசிரியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சபாபதியைப் படைத்தார். கதை என்று சொல்லத்தக்கது அதில் மிகுதியாக இல்லை. செல்வர் வீட்டுச் சபாபதி முதலியாரும் அவருடைய வேலைக்காரன் சபாபதியும் படுத்தும் பாடே நாடகம். மக்கள் விரும்பவே இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் எனத் தொடர்ந்து எழுதினார்.

சபாபதி என்பது தில்லைக் கூத்தனின் திருப்பெயர். சபைக்குத் தலைவன் என்பது பொருள். அப்பெயரை முதலாளிக்கும் வேலையாளுக்கும் ஒருங்கே சூட்டியதில் ஆசிரியரின் குறும்பு புலனாகிறது. ஒரே பெயரை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு செல்வம் ஒன்றே. அறிவில் இருவரும் ஏறக்குறைய ஒரே தரம். ஆண்டானையும் அடியானையும் இவ்வாறு ஒரே தட்டில் நிறுத்தியவர் ஒரு ராவ் பகதூர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

போர்க்காலத்தில் ஒரு சிரிப்பு

திரைப்படம் பேசத் தொடங்கியபோது சம்பந்தனார் அறுபதை நெருங்கிவிட்டார். புதியதெனக் கண்டு ஒதுங்காமல் அதனையும் கற்க முற்பட்டார். 1936-இல் மனோகரா படமானபோது, அரசர் புருஷோத்தமனாகத் தாமே நடித்தார். மேடையில் மகனாக நடித்துப் புகழ்பெற்றவர் திரையில் தந்தையாக நடித்தார். சந்திரஹரி என்னும் அவரது நாடகமும் 1941-இல் படமாயிற்று. உண்மையே பேசாத ஒருவனை நாயகனாக்கி அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கிய விளையாட்டு அது.

அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் சபாபதி வெளியாயிற்று. ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கினர். அந்நாளை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சரியாக ஒரு வாரத்திற்கு முன்புதான் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியிருந்தனர். ஐரோப்பாவில் இருந்த போர் ஆசியக் கடலுக்குள் நுழைந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மலேயாவிலிருந்து வரும் கடிதமும் பணமும் நின்றன. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரமே காலியாயிற்று. அலுவலகங்கள் உள்நாட்டுக்கு மாறின. மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் தப்பிவிடுமோ என அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் ரயிலிலும் வண்டியிலும் தத்தம் உறவினர் ஊர்களைத் தேடிச் சென்றனர்.

அத்தகைய காலத்தில் வந்த இப்படத்தின் கதையில் போர் இல்லை. மாணிக்க முதலியார் என்னும் ராவ் பகதூரின் வீடு இருக்கிறது. படிப்பேறாத மகன் சபாபதியாக டி. ஆர். ராமச்சந்திரன், தம் அகன்ற விழிகளை உருட்டியபடி வருகிறார். வேலைக்காரச் சபாபதி காளி என். ரத்தினம். அவனுக்கு வாய்த்த துணைவியாகச் சி. டி. ராஜகாந்தம். தமிழாசிரியராகக் கே. சாரங்கபாணி. நாயகி, சோப்பு விளம்பரத்தால் பெயர்பெற்ற ஆர். பத்மா.

படத்தில் யாவர்க்கும் நினைவிருக்கும் காட்சி சோடாக் காட்சி. கோலி சோடாவைத் திறப்பதற்கு உடைத்தல் என்பதே நம் வழக்குச் சொல். சோடாவை உடைத்துக்கொண்டு வரும்படி முதலாளி பணிக்கிறார். வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறான். புட்டி உடைந்துவிடுகிறது. சிரித்து முடித்தபின் சிந்தித்தால் பிழை யாருடையது என்னும் ஐயம் எழும். வேலைக்காரன் கீழ்ப்படியாதவன் அல்லன்; மிகையாகக் கீழ்ப்படிந்தவன். கட்டளையிடுவோர் தம் சொற்களை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதை அவ்வுடைந்த புட்டி காட்டிவிடுகிறது. இலக்கணம் படித்த நாம், சொல்லுக்கும் வழக்குக்கும் உள்ள இடைவெளியை நூற்பாக்களால் விளக்குவோம். சம்பந்தனார் வழிவந்த நாடகம் அதனை ஒரு சோடாப் புட்டியால் விளக்கிற்று.

மென்மையான நகைச்சுவை என இதனைக் கூறுவது ஏன்? இப்படத்தில் எவனும் முழுத் தீயவன் அல்லன். வேலைக்காரன் எத்தனை முறை தவறினாலும் அவ்வீட்டில் அவனுக்கு இடமுண்டு. மகன் தேர்வில் தோற்றாலும் அவனைத் திருத்தி எடுக்க அன்புள்ள மனைவி வருகிறாள். அடியும் உதையும் வசைச்சொல்லும் நகைச்சுவையென எண்ணப்பட்டு வரும் காலத்தில் இதன் அருமை நன்கு விளங்கும்.

எனினும் தமிழன்பர் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வகுப்பறைக் காட்சிகளில் தமிழாசிரியரை மாணவர் படுத்தும் பாடு சிரிப்பூட்டினும், தமிழாசிரியர் என்றாலே கேலிக்குரியவர் என்னும் எண்ணத்தைப் பின்வந்த படங்கள் பல பற்றிக்கொண்டன. இப்படத்தில் சாரங்கபாணியின் நடிப்பு அவ்வாசிரியர்மேல் ஓர் இரக்கத்தையும் தோற்றுவிக்கிறது. பின்வந்தோர் கேலியை எடுத்துக்கொண்டு இரக்கத்தை விட்டுவிட்டனர்.

பிற நாட்டிலும் இதனோடு ஒப்பிடத்தக்க படமொன்று உண்டு. அதே 1941-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவருகே விஸ்கிப் புட்டிகள் ஏற்றிய கப்பலொன்று பாறையில் மோதி நின்றது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் வாடிய தீவினர் அப்புட்டிகளைக் கரையேற்றி ஒளித்து வைத்தனர். காம்டன் மெக்கன்சி இதனை நாவலாக்க, ஈலிங் படநிறுவனம் 1949-இல் விஸ்கி கலோர் என்னும் பெயரில் படமாக்கியது. அங்கும் எவரும் எவரையும் கொல்வதில்லை. சட்டம் பேசும் ஊர்க்காவற் படைத் தலைவர் தம் கடமை உணர்ச்சியாலேயே நகைப்புக்கு ஆளாகிறார். ஆயினும் அவரை வெறுக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆண்ட நாட்டின் தீவிலும் ஆளப்பட்ட நாட்டின் நகரத்திலும் மக்கள் ஒரே வகையாகச் சிரித்திருக்கின்றனர். கட்டளையிடுவோர் பெருகிய காலத்தில் கட்டளையைக் கண்டு சிரிப்பது எளியவர்க்குக் கிடைத்த ஆறுதல். போருக்கு நடுவே வேலைக்காரச் சபாபதியைக் கண்டு சிரித்தவர்க்கும் அவ்வாறுதலே கிடைத்திருக்கும்.

முதுமை

சபாபதி படம் வெளிவந்த ஆண்டு சுகுண விலாச சபையின் ஐம்பதாம் ஆண்டு. நண்பர் சிலரோடு சபை தொடங்கிய இளைஞருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. அதன்பின்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். வேதாள உலகம் 1948-இல் படமாயிற்று. 1954-இல் மனோகரா மீண்டும் படமாகி, சிவாஜி கணேசன் நடிப்பால் புதிய தலைமுறையைச் சென்றடைந்தது. 1959-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. சங்கீத நாடக அகாதெமியும் அதே ஆண்டில் பெருமை செய்தது.

கண் பார்வை மங்கிய நிலையிலும் அவர் எழுத்துப் பணியை நிறுத்தவில்லை. தாம் சொல்லப் பிறர் எழுதும்படி செய்தார். தம் வரலாற்றை நூலாக்கி 1963-இல் வெளியிட்டார். அப்போது வயது தொண்ணூறு. மறு ஆண்டு, 1964 செப்டம்பர் 24-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. எவரும் அச்சிடலாம், எவரும் நடிக்கலாம். இசைவும் கட்டணமும் கேட்டுக் கண்டிப்பாக இருந்தவரின் நாடகங்கள் இன்று ஊருக்குப் பொதுவாகிவிட்டன.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

நம் உத்திரமேரூர் சபைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதற் பராந்தக சோழன் காலத்தில், குடவோலையிட்டு வாரியங்களைத் தேர்ந்த முறையினை வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகள் கூறுகின்றன. எவர் உறுப்பினராகலாம், எவர் ஆகலாகாது, எத்தனை ஆண்டு இடைவெளி வேண்டும், கணக்குக் காட்டாதவர்க்கு என்ன தடை என்றெல்லாம் நம் முன்னோர் கல்லில் பொறித்தனர். சபை என்பது தானே நடவாது, ஒழுங்கினாலேயே நடக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். சம்பந்தனாரும் அவ்வொழுங்கையே மேடைக்குக் கொண்டுவந்தார். ஒத்திகைக்கு வராதவர்க்கு வேடமில்லை. குறித்த நேரம் தவறலாகாது. பெரியவரே ஆயினும் பாடம் நெட்டுருப் போட்டே தீர வேண்டும்.

ஆனால் அவ்வொழுங்கின் நடுவே அவர் சிரிப்புக்கும் இடம் வைத்திருந்தார். அதனாலேயே அவர் தொடங்கிய சபை ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது. விதியை மட்டும் நம்பிய சங்கங்கள் வழக்கு மன்றத்தில் முடிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். சிரிப்பை மட்டும் நம்பியவை தேநீரோடு முடிந்தன. நம் வட்டத்தின் அடுத்த ஆண்டு விழாவில் சபாபதியின் ஒரு பாகத்தையேனும் நாமே நடிக்கலாம் என்று இம்மலர் வழியாக முன்மொழிகிறேன். வேலைக்காரச் சபாபதி வேடத்துக்கு நம்முள் போட்டி பலமாக இருக்கும். எனவே அதனைக் குடவோலை முறையில் தேர்ந்துகொள்வோம். பெரியவர் சம்பந்தனாரின் கண்டிப்பை எண்ணி, ஒத்திகைக்கு மட்டும் எவரும் தாமதமாக வரவேண்டா.